குழாயின் மேற்பகுதி கலங்கினால்

சிறுநீரில் புரதம் இறங்குகிறதா என்று பார்க்க ஒரு காலத்தில் எங்களுக்குத் தேவைப்பட்டவை மூன்றே பொருட்கள். ஒரு கண்ணாடிச் சோதனைக்குழாய், ஒரு ஸ்பிரிட் விளக்கு, சிறு புட்டியில் நீர்த்த அசிட்டிக் அமிலம். குழாயில் முக்கால் அளவு சிறுநீரை ஊற்றி, அடிப்பக்கம் பிடித்துக்கொண்டு, மேற்பகுதியை மட்டும் சாய்வாகத் தீயில் காட்ட வேண்டும். மேலே கொதிக்கும், கீழே உள்ளது தெளிவாக அப்படியே நிற்கும். அந்தத் தெளிவோடு ஒப்பிட்டுத்தான் மேலே கலங்கியிருக்கிறதா என்று சொல்ல முடியும். கலங்கினால் அமிலம் இரண்டு மூன்று சொட்டு விட வேண்டும். கலங்கல் கரைந்துபோனால் அது பாஸ்பேட், பயமில்லை. கரையாமல் நின்றால், இன்னும் திரண்டு திப்பியாக வந்தால், அது புரதம். முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் திரள்வதும் இதே காரணத்தால்தான். சூடு பட்டதும் புரதத்தின் மடிப்புகள் பிரிந்து, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன.

டி.எம்.எல்.டி. என்ற லேப் படிப்பை முடித்துவிட்டு சங்கரன்கோவிலில் லேப் வேலைக்கு வந்த காலத்தில் காலை நேரமெல்லாம் இந்தக் கொதிக்க வைக்கிற வேலைதான். இன்றைக்கு அந்த வேலையைச் சிறுநீரில் தோய்க்கும் ஸ்ட்ரிப் செய்கிறது. மஞ்சளாக இருக்கும் சிறு சதுரம் புரதம் பட்டதும் பச்சையாகிறது; புரதம் கூடக் கூடப் பச்சை அடர்கிறது. ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். டப்பாவின் மூடியை இறுக்காமல் விட்டால் மட்டும் ஈரம் பாய்ந்து நிறம் பொய் சொல்லும். இருந்தாலும் என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்துக் காட்டிவிடுவேன். திரள்வதைக் கண்ணால் பார்த்தவருக்குத்தான் தாம் அளப்பது ஒரு பொருள் என்பது மனசில் நிற்கும். விளக்கை இன்னும் பரணில் ஏற்றாததற்கு வேறொரு காரணமும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

புரதம் என்றதும் மக்களுக்கு முட்டை, பருப்பு, கறி, உடற்பயிற்சிக் கூடத்துப் பையன்கள் வாங்கும் பெரிய டப்பா ஆகியவை நினைவுக்கு வருகின்றன. எங்களுக்கு அப்படியில்லை. லேப்பில் நாங்கள் பார்க்கும் வேலையில் பெரும்பகுதி, இருக்க வேண்டிய இடத்தை விட்டு வெளியே வந்துவிட்ட புரதத்தைத் தேடுவதுதான். இதயத் தசைக்குள் இருக்க வேண்டிய ட்ரோபோனின் ரத்தத்தில் ஏறியிருந்தால் மாரடைப்பாக இருக்கலாம். கல்லீரல் செல்லுக்குள் இருக்க வேண்டிய எஸ்.ஜி.பி.டி. என்ற நொதி ரத்தத்தில் ஏறியிருந்தால் கல்லீரல் அடிபட்டிருக்கிறது. கணையத்துக்குரிய அமைலேஸ் ரத்தத்தில் பல மடங்கு கூடியிருந்தால் கணையம் புண்பட்டிருக்கிறது. சிவப்பணுவுக்குள் அடைபட்டிருக்க வேண்டிய ஹீமோகுளோபின் சிறுநீரைக் கறுப்பு காப்பி நிறத்துக்கு ஆக்கினால் உடனே டாக்டருக்குப் போன் செய்துவிடுவேன். ரத்தத்தில் ஓட வேண்டிய ஆல்புமின் சிறுநீருக்குத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகிறது என்று அர்த்தம். இத்தனை காலம் வேலை பார்த்த பிறகு எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: எவ்வளவு புரதம் என்று கேட்பதற்கு முன்னால், எந்தப் புரதம், எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

ஆல்புமினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரின் பெரிய துயரம் அதன் வழியாகத்தான் எனக்குத் தெரிய வந்தது. ரத்தத்தின் தெளிநீரில் உள்ள புரதத்தில் பாதிக்கு மேல் ஆல்புமின்தான். 100 மில்லிக்கு மூன்றரை கிராம் முதல் ஐந்து கிராம் வரை இருக்க வேண்டும். கல்லீரல் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து கிராம் தயாரித்துக்கொண்டே இருக்கிறது. ரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்து வைப்பது அதன் முக்கியமான வேலை. கால்சியம், பித்தநிறமி, நாம் விழுங்கும் பல மாத்திரைகள் எல்லாம் அதைப் பற்றிக்கொண்டுதான் பயணம் போகின்றன. அது குறைந்தால் நீர் குழாயை விட்டுக் கசிந்து கணுக்காலில், கண் இமையில், வயிற்றில் தேங்கும். காலையில் முகம் வீங்கி, சாயங்காலம் கால் வீங்கி வருகிறவர்களை நாங்கள் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொள்வோம்.

சிறுநீரகங்கள் ஒரு நாளில் வடிகட்டும் நீர் ஏறக்குறைய 180 லிட்டர். அத்தனையிலும் சிறுநீரில் தப்பிப் போகும் புரதம் 150 மில்லிகிராமுக்குள்தான் இருக்கும். ஒரு நாளைக்கு மூன்றரை கிராமுக்கு மேல் போக ஆரம்பித்தால் ஆள் ஊதிவிடுவார். இது ஒரே ராத்திரியில் நடப்பதில்லை. சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் வடிகட்டியை வருடக்கணக்கில் அரிக்கின்றன. முதலில் ஸ்ட்ரிப்புக்கே தெரியாத அளவில் ஆல்புமின் கசியும். சிறுநீரில் கழிவாகப் போகும் கிரியேட்டினின் ஒரு கிராமுக்கு 30 முதல் 300 மில்லிகிராம் ஆல்புமின் என்ற அந்தக் கட்டத்தை மைக்ரோ ஆல்புமின் சோதனைதான் காட்டிக்கொடுக்கும். நோயாளிக்கு அப்போது வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. மருந்தாலும் கட்டுப்பாட்டாலும் கசிவைக் குறைத்து, சிறுநீரகத்தைப் பல வருடம் காப்பாற்றித் தரக்கூடிய கட்டம் அதுதான். அந்தக் கட்டத்தில் என் லேப்புக்கு வருகிறவர்கள் மிகக் குறைவு என்பதுதான் என் மனக்குறை.

சங்கரன்கோவில் விசைத்தறி ஊர். சேலை, துண்டு, லுங்கி எல்லாம் இங்கே ஓடுகின்றன. ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு, சத்தம் இன்னும் காதில் இருக்கும்போதே நேராக லேப்புக்கு வருகிறவர்கள் உண்டு. தறிக்கூடத்தின் வெக்கையில் நாள் முழுக்க நின்றுகொண்டு, தண்ணீர் சரியாகக் குடிக்காமல், இடுப்பு வலிக்கும் முழங்கால் வலிக்கும் கடையில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு திரும்பவும் தறிக்குப் போவது இங்கே பலருக்கு வாடிக்கை. டாக்டர் சீட்டில்லாமல் தொடர்ந்து விழுங்கும் வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு வரும் ரத்தத்தைக் குறைத்துவிடும். ஏற்கெனவே சர்க்கரை இருக்கிறவருக்கு அது இரட்டை அடி.

இப்படி வந்த ஒரு தறிக்காரரின் அம்மா என்னிடம் கேட்டது நினைவிருக்கிறது. மகனின் ரிப்போர்ட்டில் ஆல்புமின் மூன்று பிளஸ் போட்டிருந்தது.

"ஏ தம்பி, புரோட்டீன் வெளிய போகுதுன்னா, புரோட்டீன் மாவு டப்பா வாங்கிக் குடுத்தா சரியாப் போகும்லா?"

"ஆச்சி, அத வாங்கிறாதிய. ஓட்டைய அடைக்காம ஊத்தி என்ன செய்ய? மொதல்ல டாக்டர்ட்ட காட்டுங்க."

"கடையில எடுத்துக் குடுத்துட்டாகளே."

இந்தக் குழப்பம் படித்தவர்களிடமும் இருக்கிறது. சிறுநீரில் புரதம் போவது சாப்பாட்டில் புரதம் போதாததால் அல்ல. வடிகட்டி கெட்டதால் போகிறது. அளவுக்கு மேல் புரதம் தின்றால், கெட்டுக்கொண்டிருக்கிற வடிகட்டிக்கு வேலை இன்னும் கூடும். எவ்வளவு சாப்பிடலாம் என்பதை அந்த ஆளின் கிரியேட்டினினையும் எடையையும் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். இன்னொன்றும் உண்டு. எங்கள் பக்கம் ஆல்புமினையும் 'உப்பு' என்பார்கள், யூரியாவையும் கிரியேட்டினினையும் 'உப்பு' என்பார்கள். "உப்பு இருக்குன்னு சொன்னாக, உப்பக் கொறச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு மருந்தை விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். உப்பைக் குறைப்பது நல்லதுதான், ஆனால் அதோடு தீர்ந்துவிடாது.

சரியான மாதிரி கிடைப்பதே எங்கள் தொழிலில் பாதி வேலை. ராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்தவரின் சிறுநீரில், காய்ச்சல்காரரின் சிறுநீரில், மண்வெட்டி பிடித்து உடம்பு நோக உழைத்துவிட்டு வந்தவரின் சிறுநீரில், கொஞ்சம் ஆல்புமின் தற்காலிகமாகத் தெரியும். அதை நோய் என்று எழுதிவிடக் கூடாது. படுத்து எழுந்ததும் முதலில் போகும் சிறுநீரில், ஆரம்பத்தை விட்டுவிட்டு நடுப்பகுதியைப் பிடித்துக் கொண்டுவரச் சொல்லுவேன். ரத்தத்திலும் அப்படித்தான். கையில் கட்டிய ரப்பர் பட்டையை நெடுநேரம் அவிழ்க்காமல் விட்டாலும், ஆளை நிற்க வைத்து எடுத்தாலும் புரத அளவு கூடுதலாகக் காட்டும். ஆகவே உட்கார வைத்து, கொஞ்சம் ஆற விட்டு, பிறகுதான் ஊசி போடுவேன். வெளியே பஸ்சுக்கு நேரமாகிறது என்று சத்தம் போடுவார்கள். போடட்டும்.

சிறுநீரைப் பார்த்து நோயறிவது இன்று நேற்று வந்ததில்லை. சித்த மருத்துவத்தில் நீர்க்குறி பார்க்கும்போது நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என்று ஐந்தையும் கவனிப்பார்கள். மேற்கே தெரியும் மலைத்தொடரில்தான் பொதிகை இருக்கிறது. அகத்தியரையும் தேரையரையும் அந்த மலையோடு சேர்த்தே எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பேசுவார்கள். நுரை என்ற அந்த ஒரு குறியை நினைத்து நான் பலமுறை வியந்திருக்கிறேன். புரதம் கலந்த நீர் நுரைக்கும், நுரை சட்டென்று அடங்காது. நுண்ணோக்கியும் அமிலமும் இல்லாத காலத்தில் வெறும் கண்ணால் அதைப் பிடித்திருக்கிறார்கள். பிறகு லண்டனில் கய்ஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர், உடம்பு வீங்கிய நோயாளிகளின் சிறுநீரை ஒரு கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டித் திரள்கிறதா என்று பார்த்தார். வீக்கம், திரளும் சிறுநீர், இறந்தபின் அறுத்துப் பார்த்தால் கெட்டுப்போன சிறுநீரகம் ஆகிய மூன்றையும் ஒரே நோயாக இணைத்து அவர் 1827-ல் எழுதினார். நாங்கள் ஸ்பிரிட் விளக்கில் செய்தது அவருடைய கரண்டி வேலையின் வாரிசுதான். ஆனாலும் நுரையை நம்பிக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். கண்ணுக்கு நுரை தெரியும்போது கசிவு ஏற்கெனவே பெரிதாகியிருக்கும்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் தமிழ்நாடு இந்தச் சோதனையை நன்றாகவே பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிற ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தமும் சிறுநீரில் ஆல்புமினும் பார்த்துவிடுகிறார்கள். இருபது வாரத்துக்குப் பிறகு அழுத்தம் 140/90-ஐத் தாண்டி, ஆல்புமினும் இறங்க ஆரம்பித்தால் அது முன்சூல்வலிப்பு. கவனிக்காமல் விட்டால் வலிப்பு வந்து தாயும் பிள்ளையும் போய்விடலாம். கையடக்கமான ஒரு சோதனையால் இத்தனை உயிர் பிழைப்பது வேறு எந்த நோயிலும் நான் பார்த்ததில்லை. அதே ஒழுங்கை நாற்பது வயது தாண்டிய சர்க்கரை நோயாளியிடமும் காட்டினால் என்ன என்றுதான் எனக்குத் தோன்றும்.

எங்கள் ஊரைப் பற்றி எழுதிவிட்டுப் பாம்பைப் பற்றி எழுதாமல் விட முடியாது. சங்கன், பதுமன் என்ற இரு நாக அரசர்கள் சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று வாதாடினார்கள். கோமதி அம்மன் தவமிருந்தாள். சிவனும் திருமாலும் ஒருவராகச் சங்கரநாராயணராகக் காட்சி தந்தார்கள். ஆடித்தபசு நாளில் அதைப் பார்க்க ஊரே நிறைந்துவிடும். கோவிலில் தரும் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொள்வோம். வீட்டிலோ தோட்டத்திலோ பாம்பு நடமாட்டம் இருந்தால் வேண்டிக்கொண்டு வெள்ளியில் பாம்பு உருவம் வாங்கி உண்டியலில் போடுவோம். நானும் போட்டிருக்கிறேன். அந்த நம்பிக்கையில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் பாம்பு கடித்துவிட்டால் முதலில் போக வேண்டிய இடம் மருத்துவமனை. இதைச் சொல்ல எனக்கு ஒரு கண்ணாடிக்குழாய் தந்த உரிமை இருக்கிறது.

கரிசல் காட்டில் உளுந்தும் பாசிப்பயறும் மக்காச்சோளமும் அறுக்கும் பருவத்தில்தான் கடிகள் கூடும். கண்ணாடி விரியன் கடித்தவரைக் கொண்டு வந்ததும் நாங்கள் செய்யும் சோதனைக்கு மெஷின் தேவையில்லை. இரண்டு மில்லி ரத்தத்தை எடுத்து, சுத்தமான உலர்ந்த கண்ணாடிக்குழாயில் விட்டு, அசைக்காமல் ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். இருபது நிமிடம் கழித்து ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். நல்ல ரத்தம் கட்டியாக உறைந்து, குழாயைச் சாய்த்தாலும் அசையாது. விஷம் ஏறிய ரத்தம் தண்ணீராக ஓடும். அந்த இருபது நிமிடமும் வாசலில் நிற்கிற சொந்தக்காரர்கள் என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். "அண்ணாச்சி, ஒறஞ்சிட்டா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இடையில் தூக்கிப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சுவார்கள். தூக்கினால் சோதனை கெட்டுவிடும்.

குழாய் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும். கண்ணாடியின் பரப்பில் ரத்தம் படும்போதுதான் உறைதலைத் தொடங்கி வைக்கும் புரதம் விழித்துக்கொள்கிறது. பிளாஸ்டிக் குழாயில் அது சரியாக நடக்காது. சோப்புப் போட்டுக் கழுவிய கண்ணாடிக்குழாயும் ஆகாது. சோப்பின் படலம் ஒட்டியிருந்தால் நல்ல ரத்தம்கூட உறையாமல் ஏமாற்றும். ஆகவே பாம்புக்கடிக்கென்று புதுக் குழாய்களைத் தனியாக ஒரு டப்பாவில் வைத்திருப்போம். வேறு எதற்கும் அதைத் தொட விட மாட்டேன்.

நடப்பது என்னவென்று யோசித்தால் அது புரதத்துக்கும் புரதத்துக்கும் நடக்கும் சண்டை. கண்ணாடி விரியனின் விஷத்தில் பெரும்பகுதி புரதம்தான். அதில் சில, உறைதலுக்காக ரத்தத்தில் அமைதியாகக் காத்திருக்கும் பத்தாம் காரணியையும் ஐந்தாம் காரணியையும் தேவையில்லாமல் தூண்டிவிடுகின்றன. உடம்பெங்கும் நுண்ணிய உறைகட்டிகள் தோன்றி, ஃபைப்ரினோஜன் என்ற உறைபுரதம் முழுவதும் செலவாகிவிடுகிறது. அதற்குப் பிறகு உறைய எதுவும் மிச்சமில்லை. ஈறிலிருந்தும் ஊசி குத்திய இடத்திலிருந்தும் ரத்தம் நிற்காமல் வரும். சிறுநீரகமும் அடிபடும். இதற்கு மருந்தாகக் கொடுக்கும் விஷமுறிவு மருந்தும் புரதமே. குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தைச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புரதத்தைப் பிரித்து எடுத்துத் தயாரிப்பது. குதிரையின் புரதம் என்பதாலேயே சிலருக்கு ஒவ்வாமை வரும். அதனால்தான் மருத்துவமனையில், அட்ரினலின் ஊசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏற்றுகிறார்கள்.

மருந்து ஏறி ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் குழாய்ச் சோதனை செய்யச் சொல்லுவார்கள். ஏன் ஆறு மணி நேரம் என்று தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு டாக்டரிடம் கேட்டேன். மருந்து விஷத்தை மட்டும்தான் கட்டிப்போடும், செலவாகிப்போன உறைபுரதத்தைக் கல்லீரல்தான் திரும்பத் தயாரிக்க வேண்டும், அதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கும் என்றார். அன்றிலிருந்து ஆறாவது மணி நேரத்தில் குழாயைச் சாய்க்கும்போதெல்லாம் கல்லீரலைப் பற்றி எனக்கு ஒரு மரியாதை வரும்.

இந்த மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது என்று நம்மவர்கள் பலருக்குத் தெரியாது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நடக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து வந்து, விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த மக்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. செய்தியைப் படித்த அன்று மனசு நிறைந்தது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியதும் காலத்தில் செய்த காரியம். கடிபட்டவரைக் காலில் கயிறு இறுக்கி, கத்தியால் கீறி, மந்திரிக்கக் கூட்டிப்போய், அதற்கு மேல் மருத்துவமனைக்குக் கொண்டு வருகிற வழக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை. அந்த நேரத்துக்குள் ஃபைப்ரினோஜன் தீர்ந்துபோகும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. அறுபது கிலோ ஆளுக்கு ஐம்பது கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கும். அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது நிறைய. பருப்பில் குறைகிற மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. சோறும் பருப்பும், இட்லியில் அரிசியும் உளுந்தும், நம் வீட்டுக் கும்பாவில் காலங்காலமாகச் சேர்ந்தே வந்திருக்கின்றன. வயசுப் பிள்ளைகளுக்கு எங்கள் பக்கம் கிண்டிக் கொடுக்கும் உளுந்தங்களி எந்த டப்பா மாவுக்கும் குறைந்ததில்லை. காமராசர் 1956-ல் இங்கிருந்து அதிக தூரமில்லாத எட்டயபுரத்தில் பள்ளி மதிய உணவைத் தொடங்கி வைத்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். பிறகு முட்டை வந்தது, இப்போது பள்ளி நாளெல்லாம் முட்டை. வயிறு உப்பி, கால் வீங்கி, முடி செம்பட்டையாகிப் புரதக் குறைவோடு வரும் குழந்தையை இங்கே காண்பது இன்று அரிதாகிவிட்டது. அந்த முட்டைக்கு அதில் பங்கு உண்டு என்று உறுதியாக நம்புகிறேன்.

ஹீமோகுளோபின் மட்டும் இன்னும் ஏறவில்லை. அதுவும் ஒரு புரதம்தான், நடுவில் இரும்பு. ஒரு சிவப்பணுவுக்குள் ஏறக்குறைய 27 கோடி மூலக்கூறுகள் அடைந்திருக்கின்றன. முன்பு சாலி குழாயில் அமிலத்தோடு 20 மைக்ரோலிட்டர் ரத்தத்தைக் கலந்து, பழுப்பு நிறத்தைப் பக்கத்துக் கண்ணாடியோடு ஒப்பிட்டுச் சொல்லுவோம். இன்று மெஷின் சொல்கிறது. சொல்லும் எண் மாறவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. எட்டும் ஒன்பதுமாக வரும் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு "எப்பவும் இப்படித்தான் இருக்கும் அண்ணாச்சி" என்று சிரிக்கிற தறிக்காரர் மனைவிமார்களைப் பார்த்தால் எனக்குக் கோபமும் வருத்தமும் சேர்ந்தே வரும். எப்பவும் அப்படி இருப்பது சரியில்லை. 100 மில்லிக்குப் பன்னிரண்டு கிராம் இருக்க வேண்டும்.

இப்போது ஸ்பிரிட் விளக்கின் கதை. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் மாதக்கணக்கில் முதுகு வலியோடு இருந்தார். ஹீமோகுளோபின் குறைவு, சிவப்பணு படியும் வேகத்தைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். நூறைத் தாண்டியது. ரத்தத்தின் மொத்தப் புரதம் 100 மில்லிக்குப் பதினொரு கிராமைத் தொட்டது, அதில் ஆல்புமின் மூன்றுதான். மீதி எல்லாம் குளோபுலின். சாதாரணமாக ஆல்புமின்தான் கூடுதலாக இருக்கும். சிறுநீரில் ஸ்ட்ரிப்பைத் தோய்த்தால் மஞ்சள் மாறவேயில்லை. எனக்கு மனசு ஒப்பவில்லை. விளக்கைப் பற்றவைத்தேன். குழாய் இளஞ்சூடாகும்போதே வெள்ளையாகக் கலங்கியது. கொதி வந்ததும் கலங்கல் மறைந்து தெளிந்தது. ஆற விட்டதும் மறுபடியும் கலங்கியது.

படித்த காலத்தில் புத்தகத்தில் பார்த்ததுதான். 1845-ல் லண்டனில் ஒரு வணிகரின் சிறுநீர் இப்படி நடந்துகொண்டது. அதை ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற மருத்துவர் ஆராய்ந்து எழுதினார். எலும்பு மஜ்ஜையில் ஒரே வகைச் செல் கட்டுக்கடங்காமல் பெருகி, எதிர்ப்புரதத்தின் சிறு துண்டை வீணாக உற்பத்தி செய்து தள்ளும் புற்றுநோய் அது, மயலோமா. அந்தத் துண்டு ஆல்புமின் அல்ல என்பதால் ஸ்ட்ரிப்பின் கண்ணில் படுவதில்லை. டாக்டரிடம் நேரில் போய்ச் சொன்னேன். திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள், புரதங்களைப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோஃபோரெசிஸ் சோதனையில் ஒற்றைக் கூர்முனை நின்றது, வைத்தியம் தொடங்கியது. அவர் பேரன் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த விளக்கைப் பரணில் ஏற்றச் சொல்லி யாரும் என்னிடம் பேசியதில்லை.

புரதத்துக்கு இடம் எவ்வளவு முக்கியமோ, வடிவமும் அவ்வளவு முக்கியம். இதைச் சொல்லும்போது நம் ஊர் ஆய்வுக்கூடம் ஒன்றை நினைக்காமல் இருக்க முடியாது. தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் தாங்கும் கொலாஜன், மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிய கயிறு என்று 1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கண்டு சொன்னார்கள். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் மடங்க முடியும், எதில் முடியாது என்று ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவரும் 1963-ல் வரைந்த படத்தைத்தான் உலகெங்கும் இன்றுவரை புரத வடிவங்களைச் சரிபார்க்க எடுக்கிறார்கள். புரதத்தைத் தயாரிக்கும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக 2009-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான வெங்கி ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்தவர். மடிப்பு தவறிய புரதங்கள் மூளையில் படிவது அல்சைமர் நோயில் காணும் மாற்றங்களில் ஒன்று. அதையெல்லாம் பார்க்கும் வசதி எங்கள் லேப்பில் இல்லை. ஆனால் என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் இந்தப் பெயர்களைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ராமச்சந்திரன் வேலை பார்த்த கிண்டி இங்கிருந்து ஒரு ராத்திரி ரயில் தூரம்தான்.

இதைப் படிக்கிறவர்களில் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள், வலி மாத்திரையைத் தொடர்ந்து எடுத்தவர்கள், குடும்பத்தில் சிறுநீரக நோய் உள்ளவர்கள், வருடத்துக்கு ஒரு முறை காலைச் சிறுநீரைக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம் பார்க்க வேண்டும் என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். சாதாரண ஆல்புமின் சோதனையை அரசு மருத்துவமனையில் காசில்லாமல் பார்ப்பார்கள். ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாமல் ஒரு பையில் வைத்திருங்கள். அடுத்த வருட எண்ணோடு ஒப்பிட்டால்தான் கசிவு கூடுகிறதா, நிற்கிறதா என்று டாக்டரால் சொல்ல முடியும்.